மூணாவது மொளகு

ஏய்யா, நல்லா இருக்கியா. ஒங்கம்மா எழுதுறேன். நீ ஒண்ணாப்பு படிக்கையில ஒன் சிலேட்டுல ஒரு ஓரமா நானும் எழுதிப் பழகுன எழுத்துதான் இது. கோணலும் மாணலுமாத்தான் இருக்கும், பொறுத்துப் படி. போன்லயே சொல்லிரலாம்னு ரெண்டு நாளாப் பாத்தேன். நீயும் எடுத்து, "என்னம்மா, சாப்பிட்டியா"ன்னு கேட்ட. சாப்பிட்டேன்னேன். "மாத்திர போட்டியா"ன்னு கேட்ட. போட்டேன்னேன். அதோட போன வச்சுட்டேன். பேச்சுன்னா நீ குறுக்க ஒண்ணு கேப்ப, நான் அதுக்குப் பதில் சொல்லப் போவேன், சொல்ல வந்தது கெடப்புல கெடக்கும். எழுத்துல நீ குறுக்க வர முடியாது. வர்ற ஞாயித்துக்கெழம நீ ஓடுறதுக்கு முந்தி இது ஒன் கைக்கு வந்து சேரணும். அதுக்காக நாளைக்கு வேலைக்குப் போகல, உத்தமபாளையம் போயி நானே ஸ்பீடு போஸ்ட்டுல போட்டுட்டு வர்றேன்.

திங்கக்கெழம தெக்குத் தோட்டத்துல திராட்சப்பழம் வெட்டு. எட்டுப் பேரு பந்தலுக்கு அடியில அண்ணாந்து நின்னு வெட்டிக்கிட்டு இருக்கோம். மேலவீட்டு ராமுத்தாய ஒனக்குத் தெரியும்ல, அவ கையில கத்தரி இருக்குற நேரத்த விட போன் இருக்குற நேரம்தான் ஜாஸ்தி. அவதான், "ஏத்தா, ஒம்மகன் போன்ல நின்னு பேசுறான், ஓடியா"ன்னு கூப்பிட்டா. பச்ச பனியன் போட்டு, நெஞ்சுல நம்பர ஒட்டிக்கிட்டு, சிரிச்ச மொகமா நீ நிக்கிற. தேனியில இருந்து வைகை டேம் வரைக்கும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடப் போறேன்னு சொன்ன. ஒடனே இவளுக ஆரம்பிச்சுட்டாளுக. "இம்புட்டுத் தூரம் ஓடுறானே, எவன்டி தொரத்துறான்?"னு ஒருத்தி. "டேமுக்குத்தான் பஸ்ஸு விட்டிருக்கான்ல, கண்டக்டரு கூட சண்டயா?"ன்னு இன்னொருத்தி. எனக்கும் சிரிப்புத்தான் வந்துச்சு. அப்புறம் நீ சிரிக்கிறத நிப்பாட்டிட்டுச் சொன்ன.

நீ சொன்னத நான் அப்பிடியே எழுதுறேன், ஏன்னா ராமுத்தாயிட்ட நாலு தடவ போடச் சொல்லிக் கேட்டேன். "எனக்கு அப்ப பத்து வயசு. திராட்சத் தோட்டத்துல எங்கப்பாவப் பாம்பு கடிச்சிருச்சு. ஜீப் கூட்டிட்டு வர என்னத்தான் அனுப்புனாங்க. மெயின் ரோட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர். நான் இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருந்தா எங்கப்பா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாரு. மலையடிவாரத்து ஊருகளுக்கு ஒரு வண்டி வாங்கிக் குடுக்கப் போறோம், பாம்பு கடிச்சா ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக. ஒங்களால முடிஞ்சதக் குடுங்க. அன்னைக்கு லேட்டாப் போன ஓட்டத்த நான் இப்ப ஓடப் போறேன்." எட்டுப் பேருல ஏழு பேரு முந்தானையால கண்ணத் தொடச்சாளுக. நான் அழுகல. "பெத்தவ, மனசு கல்லாப் போச்சு"ன்னு ராமுத்தாய் எனக்காகவும் சேத்து அழுதா.

அன்னைக்குச் சாயந்தரமே ஒங்கூடத் தங்கியிருக்குற தம்பி போன் போட்டான். நீ திட்டாத அவன, நல்ல புள்ள. "அம்மா, நீங்க சொன்னாத்தான் கேப்பான். முட்டி வீங்கி நொண்டிக்கிட்டுத் திரியிறான். டாக்டர் ஓடவே கூடாது, ஆசையா இருந்தா நடந்து போ, ஓடுனா ஆப்பரேசன்தான்னு சொல்லிட்டாரு. இவன் மறுநாளே ஓடப் போயிட்டான். வலிக்கலயாடான்னா, வலிக்கட்டும், வலிக்கணும்ங்கிறான்"னான். "வலிக்கணும்"ங்கிற அந்தச் சொல்லுதான்யா என்னய இந்தக் காயிதத்த எடுக்க வச்சது. ஒருத்தன் முட்டி வலிக்கணும்னு ஆசப்படுறான்னா, அவன் எதுக்கோ தண்டம் கட்டுறான். நீ கட்டுற தண்டம் ஒன்னோடது இல்ல. என்னோடது.

இருய்யா, நேரா அங்கன போனா ஒனக்குப் புரியாது. ஒங்கப்பாவப் பத்தி ஒரு சங்கதி மொதல்ல சொல்லணும். கலியாணம் முடிஞ்சு எங்க வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். எங்கம்மா கோழி அடிச்சு, கடைசியில மொளகு ரசம் ஊத்துனாக. ஒங்கப்பா ஒரு வாய்தான் குடிச்சாக. விக்கல் புடிச்சுக்கிச்சு பாரு. தண்ணி குடிச்சாக, சீனி தின்னாக, எங்க பெரியண்ணன் பின்னாடி வந்து பயமுறுத்துனான், ஒண்ணுக்கும் நிக்கல. சாயந்தரம் வரைக்கும் விக்கல். "என்னா மாப்ள, எங்க வீட்டு மொளகு ஒங்களப் போட்டுத் தாக்குது"ன்னு எங்கண்ணன் சிரிக்கிறான். "மொளகு இல்ல மச்சான், ஒங்க தங்கச்சி நெனப்புல விக்குது"ன்னாக ஒங்கப்பா. வீடே சிரிச்சுச்சு. நான் அடுப்படியில போயி ஒளிஞ்சுக்கிட்டேன். அதுல இருந்து நம்ம வீட்டு ரசத்துல மொளகு கெடையாது. ஒனக்கும் எனக்கும் தனியாத் தட்டிப் போட்டுக்குவோம், ஞாபகம் இருக்கா? அந்த மனுசனுக்கு ஒத்த மொளகு நாக்குல பட்டாலே விக்கல் வரும். இத மனசுல வச்சுக்க.

அந்த நாளு. நீ எட்ட இருந்து பாத்த நாளு ஒண்ணு, நான் கிட்ட இருந்து பாத்த நாளு ஒண்ணு. ஒனக்குப் பள்ளிக்கூடம் லீவு. தோட்டத்துக் கடைக்கோடியில நின்னு தகர டின்னத் தட்டிக் கிளி வெரட்டிக்கிட்டு இருந்த. மொத நாளு சாயந்தரம் வரைக்கும் வெட்டுன பழம் பெட்டி பெட்டியா பந்தலுக்கு அடியில இருக்கு. கேரளாவுக்குப் போற லாரி வரணும். மலை மேல மேகம் இறங்கி நிக்கிது. அதுக்கு முந்துன வருசம் இதே மாதிரி ஒரு மழையில பழம்பூராம் வெடிச்சு, ஆட்டுக்கு அள்ளிப் போட்டோமே, அந்தப் பயம் ரெண்டு பேருக்கும். ஒங்கப்பா காலையில வெயிலு வந்த ஒடனே பெட்டிகள வரப்போரத்துக்குக் கொண்டுவந்து அடுக்க ஆரம்பிச்சாக. ரெண்டாவது வரிசையில ஒரு பெட்டியத் தூக்குனாக, "ஏ புள்ள, பூச்சி போட்டுருச்சு"ன்னாக. பாம்புன்னு பேரச் சொல்லமாட்டோம்ல, பூச்சின்னுதான சொல்லுவோம். கணுக்காலுக்கு மேல ரெண்டு புள்ளி. ஊசி குத்துன மாதிரி. ரத்தம் கூட ஒழுங்கா வரல. பூச்சி எங்கன போச்சுன்னு ரெண்டு பேரும் பாக்கல.

இப்பச் சொல்றேன் கேளு. நான் ஒன்னயக் கூப்பிடல. மடியில எப்பவும் நாலு மொளகு முடிஞ்சு வச்சிருப்பேன், தோட்டத்து வேலைக்குப் போற பொம்பளைக எல்லாரும் அன்னைக்கு வச்சிருப்போம். பூச்சி கடிச்சவுகளுக்கு மொளகக் கடிக்கக் குடுக்கணும், ஒறைச்சா விஷம் ஏறல, ஒறைக்கலன்னா ஏறிருச்சு. எங்கம்மா வீட்டுல நாலஞ்சு பேருக்கு இப்பிடிப் பாத்து நான் கண்ணால கண்டிருக்கேன். ஒறைச்சுச்சு, பொழச்சாக. அவுகளக் கடிச்சது விஷமில்லாத பூச்சியா இருந்திருக்கும்னு இத்தன வருசம் கழிச்சுத்தான்யா எனக்குத் தோணுது. மொத மொளகக் குடுத்தேன். கடிச்சாக, ஒடனே விக்கல். "பாத்தியா, நல்லா ஒறைக்குது"ன்னு விக்கிக்கிட்டே சிரிச்சாக. எனக்கும் உசுரு வந்துச்சு. துண்டக் கிழிச்சுக் கால்ல கட்டிட்டு, மறுபடி பெட்டி அடுக்குனாகய்யா அந்த மனுசன். நானும் ஒரு பக்கம் புடிச்சேன்.

ஒரு வரிசை அடுக்கி முடிச்சதும் ஒக்காந்துட்டாக. "என்னங்க"ன்னேன். "ஒண்ணுமில்ல புள்ள, நீ எனக்கு ரெண்டாத் தெரியிற. ஒரு பொண்டாட்டியவே சமாளிக்க முடியல, ரெண்டுக்கு நான் எங்கிட்டுப் போவேன்"னாக. நான் சிரிச்சேன். ஏய்யா, அதுக்கு நான் சிரிச்சேன். ரெண்டாவது மொளகக் குடுத்தேன். ரொம்ப நேரம் மென்னாக, அப்புறமா ஒரே ஒரு விக்கல் வந்துச்சு. "போவோமா ஆஸ்பத்திரிக்கு?"ன்னு கேட்டேன். "லாரி வரட்டும். ஏத்திவிட்டுட்டுப் போவோம். இப்பப் போனா படுக்க வச்சிருவாக, பழத்த யாரு பாப்பா?"ன்னாக. நானும் மேகத்தப் பாத்தேன், பெட்டியப் பாத்தேன், சரின்னுட்டேன். அவுக சொன்னாகன்னு அவுக தலையில போடல. நானும் பழத்தத்தான் பாத்தேன்.

அந்த நேரம் பூராம் நீ டின்னு தட்டுற சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. டங்கு டங்குன்னு. ஒரு சத்தம் குடுத்தா நீ வந்திருப்ப. மூணாவது மொளகக் குடுத்தப்ப பந்தக்கால் நெழலு நல்லா நகந்துபோச்சு. ஒங்கப்பா மென்னாக. மென்னுக்கிட்டே இருந்தாக. கண்ணு ரெண்டும் தூக்கம் வந்த மாதிரி சொக்குது. "ஒறைக்குதா?"ன்னேன். "ஒறைக்குது புள்ள"ன்னாக, வாயி கொழகொழன்னு. விக்கல் வரல. நான் பாத்துக்கிட்டே நின்னேன், விக்கல் வரும் வரும்னு. ரசத்துல ஒரு சொட்டுக்கு நாளெல்லாம் விக்குன மனுசன், முழு மொளக வாயில வச்சுக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்காக. எனக்குத் தெரிஞ்சு போச்சுய்யா. அவுக பொய் சொல்றாகன்னு தெரிஞ்சு போச்சு. அப்பவும் நான் நாலாவது மொளகத்தான் முடிச்சுல இருந்து அவுத்தேன். அவுக அப்பிடியே பெட்டி மேல சாஞ்ச பெறகுதான் ஒன் பேரச் சொல்லிக் கத்துனேன்.

நீ டின்னக் கீழ போட்டுட்டு வந்த. "அப்பாவப் பூச்சி கடிச்சிருச்சு, ரோட்டுக்கு ஓடு, காதர் மாமா ஜீப்பக் கூட்டியா"ன்னேன். நீ இப்பத்தான் கடிச்சிருக்குன்னு நெனச்ச. நான் அப்பிடித்தான்யா நெனைக்க விட்டேன். நீ செருப்பு கூடப் போடல. நெருஞ்சி முள்ளுக்குள்ள விழுந்தடிச்சு ஓடுன. டீக்கடையில ஜீப்ப நிப்பாட்டிட்டு நின்ன காதரு அண்ணன் பிற்பாடு என்கிட்ட என்ன சொன்னாக தெரியுமா? "தங்கச்சி, பய வந்து நிக்கையில பேச்சு வரல, கையத்தான் காட்டுனான். நான் சாவியப் போட்டு ஸ்டார்ட் பண்றதுக்குள்ள திரும்பி ஓட ஆரம்பிச்சுட்டான். அந்தப் பாதையில சைக்கிள்ல வந்தாக்கூட அம்புட்டு வெரசா வரமுடியாது"ன்னாக. சொல்லிட்டு, "பூச்சி எப்பக் கடிச்சுச்சுத்தா?"ன்னு கேட்டாக. "அப்பத்தான்ணே"ன்னேன். பெரியாஸ்பத்திரியில டாக்டரும் அதத்தான் மொதக் கேள்வியாக் கேட்டாரு, கடிச்சு எம்புட்டு நேரமாச்சுன்னு. "அரமணி நேரம்"னு சொன்னேன். அவரு அதத்தான் எழுதிக்கிட்டாரு. ஊசி போட்டாக, குழா வச்சாக, அவுகளால ஆனதப் பாத்தாக. நாந்தான் நேரத்த அவுகளுக்கே மறைச்சுட்டேன். பொழுது சாயிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

லாரி வந்துச்சு, நாம போன கொஞ்ச நேரத்துல. பக்கத்துத் தோட்டத்துக்காரக ஏத்திவிட்டாக. ஒரு பழம் கூட வெடிக்கல. அன்னைக்கு மழையும் பெய்யல.

இதோட விட்டிருந்தாலாச்சும் நான் முட்டாச் சிறுக்கின்னு போயிருக்கும். இதவிடப் பெரிய தப்பு மறுநாளு. எழவு வீட்டுல பொம்பளைக என்னயச் சுத்தி ஒக்காந்திருக்காக. ஒங்கப்பாவோட சித்தப்பா, அவரும்தான் போய்ச் சேந்துட்டாரு, இப்பச் சொல்லி என்ன, வாசல்ல நின்னு சத்தமாச் சொன்னாரு: "பய இன்னும் ரெண்டு எட்டு வெரசா வச்சிருந்தா எம்மகன் பொழச்சிருப்பான். சின்னப்பய, எங்கிட்டாச்சும் வேடிக்க பாத்துட்டுப் போயிருப்பான்." நீ தூணு பக்கத்துல நின்ன. முள்ளுக் குத்துன கால மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு நின்ன. நீ அவரப் பாக்கல. என்னயப் பாத்த. அம்மா ஏதாச்சும் சொல்லும்னு பாத்தய்யா நீ. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். ஏன்னு நான் ஒளிக்காமச் சொல்றேன். ஒன்னயச் சொல்ற வரைக்கும் என்னய யாரும் கேக்கமாட்டாக. எப்பக் கடிச்சுச்சு, நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த, ஏன்டி சும்மா இருந்தன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாக. பத்து வயசுப் புள்ளயக் கொண்டாந்து எனக்கு மறைப்பா நிறுத்திக்கிட்டேன்.

அதுக்கப்புறம் நீ நடந்து நான் பாக்கல. கடைக்குப் போனா ஓட்டம், பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம், தண்ணிக் கொடத்தத் தூக்கிக்கிட்டும் ஓட்டம். "ஒம்மகன் காத்து மாதிரி போறான்த்தா"ன்னு ஊரு மெச்சும். பள்ளிக்கூடத்துல டம்ளரும் கப்புமாக் குடுத்தாக. எல்லாத்தையும் டிவிக்கு மேல வரிசையா வச்சேன். தொடைக்கிறப்ப ஒவ்வொண்ணும் என்னயப் பாக்கும். சொல்லிருவோம் சொல்லிருவோம்னு ஒன் பன்னெண்டாவது போச்சு, காலேஜு போச்சு, சென்னையில வேலையும் கெடச்சிருச்சு. நீ ஊருக்கு வந்தா ஒரு பொழுதுக்கு மேல தங்குறதில்ல, தோட்டத்துப் பக்கம் தல வச்சுப் படுக்குறதில்ல. "வேலம்மா"ன்னு சொல்லுவ. எனக்கு என்ன வேலன்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஒனக்கு முறுக்கு சுட்டுக் குடுத்து அனுப்பிவைப்பேன்.

ஏய்யா, எனக்குப் பயமா இருக்கு. இதப் படிச்சுட்டு நீ மறுபடி என்னய அம்மான்னு கூப்பிடுவியான்னு பயமா இருக்கு. அதுக்காக என்னய மன்னிச்சுக்கன்னு கேக்கமாட்டேன், அது ஒன் பாடு. வேற ரெண்டு விசயம் கேக்குறேன். மொதல்ல, ராமுத்தாய் காட்டுன அந்தப் போன் பேச்ச மாத்து. வண்டி வாங்கிக் குடுக்குறீக, நல்ல காரியம், புண்ணியமாப் போகும். ஆனா நெனச்சுப் பாரு. அன்னைக்குப் பந்தலுக்கு வாசல்லயே நீ சொல்ற வண்டி நின்னிருந்தாலும் நான் மொளகத்தான் குடுத்துக்கிட்டு இருந்திருப்பேன். இப்பவும் எங்கூட வெட்டுக்கு வர்ற ஏழு பேருல மூணு பேரு மடியில மொளகு இருக்கு, நான் கேட்டுப் பாத்துட்டேன். ராமுத்தாய் போன்ல ஒலகத்தையே பாக்குறவ, அவ முடிச்சுலயும் இருக்கு. அதனால ஒன் கால் லேட்டுன்னு சொல்லாத. மொளகச் சொல்லு. கடிச்ச ஒடனே கெளம்புங்க, டாக்டரு கேட்டா நெச நேரத்தச் சொல்லுங்கன்னு சொல்லு. எங்கம்மாதான் அப்பிடிப் பண்ணுனாகன்னு என்னயக் காட்டியே சொல்லு. இந்தக் காயிதத்தையே படம் புடிச்சுப் போட்டாலும் சரி. ஊருல என்ன பேசுவாக, ஒங்கப்பா சொந்தக்காரவுக என்ன சொல்லுவாகன்னு எல்லாம் யோசிச்சுத்தான் எழுதுறேன். எனக்கு வர வேண்டியதுதான், நாளு தள்ளி வருது, அம்புட்டுதான்.

ரெண்டாவது, டாக்டரு சொன்னதக் கேளு. பேரு குடுத்துட்டேன், காசு குடுத்தவுகளுக்குப் பதில் சொல்லணும்னு நீ சொல்லுவ. சரி, போ. ஆனா நடந்து போ. எல்லாரும் ஒன்னயத் தாண்டிப் போகட்டும். கடைசி ஆளா வா. டேமுல போட்ட பந்தலப் பிரிச்சுக்கிட்டு இருக்குறப்ப போயிச் சேரு. காசு குடுத்தவுக ஒன் முட்டிய வாங்கல.

ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுக்கு ஏறி நான் வந்துருவேன். ஆண்டிபட்டியில டேமுக்குத் திரும்புற எடத்துல, ரோட்டோரத்துல நிப்பேன். நீ பாக்காமப் போனாலும் கூப்பிடமாட்டேன், பயப்படாத. அன்னைக்கு ஒன்னயக் கூப்பிட வேண்டிய நேரத்துல கூப்பிடாதவளுக்கு, இப்பக் கூப்பிட வாயில்ல. நீ நடந்து வர்றியான்னு மட்டும் பாத்துட்டுத் திரும்பிருவேன். பத்து வயசுல இருந்து நீ நடந்து வந்து நான் பாத்ததில்லய்யா. நீ அன்னைக்கு லேட்டா வரல. நான் ஒன்னய லேட்டா அனுப்புனேன். டேமுல தண்ணிதான் கெடக்கு, அங்கன யாரும் பெட்டி மேல சாஞ்சுக்கிட்டு ஒனக்காகக் காத்துக் கெடக்கல. நடந்தே போய்யா.

ஒங்கம்மா